வோர்ட்டில நோயாளி திடீரெண்டு மோசமானா முதல் பத்து நிமிஷம் – கிழக்கில இன்டர்ன் தொடங்குறவங்களுக்கு

கல்லடிக்காத்து
(இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில மருத்துவம் முடிச்சிட்டு இன்டர்ன் போஸ்டிங்குக்குக் காத்திருக்கிறன். முதல் ஆறு மாசம் மெடிசின், மற்ற ஆறு மாசம் சர்ஜரி எண்டு நினைச்சிருக்கிறன். ஏ, பி, சி, டி, ஈ (மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், உணர்வு, முழு உடம்பு எண்டு பாக்கிற ஒழுங்கு) எல்லாம் பாடம்தான், பரீட்சையில எழுதிப் பாஸும் பண்ணியாச்சு. எனக்கு இப்ப தெரிய வேண்டியது வேற. இரவு ரெண்டு மணிக்கு மிஸி (தாதி) கோல் எடுத்து "டொக்டர், 17ஆம் கட்டில் ஆள் சரியில்ல" எண்டு சொன்னா, வோர்ட்டுக்குள்ள போன உடன என்ட கை முதல்ல எங்க போகணும்? எப்ப மேல உள்ளவங்களைக் கூப்பிடணும்? சேரை (பொறுப்பான பெரிய டொக்டரை) எழுப்பப் பயம் எண்டுதான் எங்கட பட்ச்சில எல்லாரும் சொல்லுறாங்க. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேலை செய்தவங்க எங்கட ஊர் நோயாளிகளை மனசில வச்சுச் சொன்னா நல்லம்.

மருதமுனையான்
(மெடிக்கல் ஒபிசர், மெடிசின்)

வணக்கம் தங்கச்சி. வேலை தொடங்க முன்னமே கேட்டது நல்லம்.

முதல் விஷயம், போன்ல மருந்து சொல்லிட்டுப் படுக்காதீங்க. எழும்பிப் போங்க. போறதுக்கு முதல் மிஸிக்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க: ஒக்சிஜன் போடுங்க, பல்ஸ், பிரஷர், மூச்சு, சீனி புதுசா எடுங்க, எமர்ஜென்சி டிராலியைக் கட்டிலடிக்குத் தள்ளி வைங்க. நீங்க போய்ச் சேரக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

ரெண்டாவது, டிக்கெட்டை (நோயாளியின்ட வோர்ட் குறிப்பை) முதல்ல கையில எடுக்காதீங்க. எங்களுக்குப் படிப்பிச்ச முறை அப்பிடி: வரலாறு கேள், உடம்பைப் பார், நோயைக் கண்டுபிடி, மறுகா மருந்து. சாகக் கிடக்கிற ஆளுக்கு இந்த ஒழுங்கு சரிவராது. என்ன நோய் எண்டது பிறகு. அடுத்த சில நிமிஷத்தில இந்த ஆளைக் கொல்லப் போறது எது எண்டதுதான் முதல் கேள்வி. அதைக் கண்ட இடத்திலயே சரி பண்ணணும், பண்ணிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போகணும்.

பக்கத்தில நிண்டு கையைப் பிடிச்சு "ஐயா, பேர் என்ன? என்ன செய்யுது?" எண்டு கேளுங்க. முழு வசனத்தில பதில் வந்தா மூச்சுப்பாதை திறந்திருக்கு, காத்துப் போகுது, மூளைக்கு ரத்தமும் போகுது. ஒவ்வொரு சொல்லா விட்டு விட்டு மூச்சு வாங்கிச் சொன்னா பிழை. பதிலே இல்லையெண்டா காதை வாய்க்கிட்டக் கொண்டு போங்க. குறட்டைச் சத்தம் எண்டா நாக்கு பின்னால விழுந்திருக்கு, நாடியை (மோவாயை) மேல தூக்குங்க, இல்லாட்டித் தாடையை முன்னால தள்ளுங்க, கைடல் எயார்வே (நாக்கு பின்னால விழாமப் பிடிக்கிற வளைஞ்ச வாய்க்குழாய்) வைங்க. கொறகொறப்பு எண்டா சளி, வாந்தி, ரத்தம் ஏதோ ஒண்டு, சக்ஷன் போடுங்க. மூச்சு இழுக்கக்குள்ள விசில் மாதிரிச் சத்தம் வந்தா அனஸ்தீசியா டொக்டரை அப்பவே கூப்பிடுங்க. நெஞ்சு ஏறி இறங்குது, ஆனா சத்தமே இல்ல எண்டா அதுதான் எல்லாத்திலயும் மோசம், பாதை முழுசா அடைபட்டிருக்கு.

அடுத்தது மூச்சு. ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. 25ஐத் தாண்டினா ஆள் ஆபத்தில இருக்கார், மொனிட்டரில ஒக்சிஜன் 97 எண்டு காட்டினாலும் சரிதான். அந்த 97ஐக் காப்பாத்தத்தான் அவர் அந்த அளவுக்கு மூச்சு வாங்குறார், களைச்சுப் போனா எண்ணிக்கையும் விழும், 97உம் விழும். ஆள் மோசமா இருந்தா ரிசர்வொயர் பை உள்ள மாஸ்கில 15 லீட்டர் போட்டுத் தொடங்குங்க. நிலைமை சீரானதும் 94க்கும் 98க்கும் இடையில வச்சிருக்கக் குறையுங்க. பல வருஷம் பீடி குடிச்சு நுரையீரல் பழுதான ஆளுக்கு 88 முதல் 92 போதும். ஆனா "ஒக்சிஜன் கூடிடும்" எண்டு பயந்து நீலமாக் கிடக்கிற ஆளுக்குக் கொடுக்காம விடாதீங்க. ஒக்சிஜன் இல்லாமப் போறதுதான் முதல்ல கொல்லும்.

மிச்சத்தை மற்ற ஆக்கள் சொல்லட்டும், எனக்கு ரவுண்ட் இருக்கு.

இரவுக்கடமை
(தாதிய உத்தியோகத்தர்)

டொக்டர் மூச்சு எண்ணச் சொன்னது மெத்தச் சரி. நான் ஒரு மிஸியாச் சொல்லுறன்: சார்ட்டில எல்லாக் கட்டிலுக்கும் மூச்சு 20 எண்டு இருந்தா அந்த இலக்கத்தை நம்பாதீங்க. ரெண்டு பேர் முழு வோர்ட்டையும் பாக்கிற இரவில பல்ஸும் பிரஷரும் மெஷின் காட்டும், மூச்சை நிண்டு எண்ண வேணும். நெஞ்சிலயோ வயித்திலயோ கையை வச்சு, பல்ஸ் பாக்கிற மாதிரிக் காட்டிக்கொண்டு எண்ணுங்க. எண்ணுறது தெரிஞ்சா ஆள் மூச்சை மாத்திடுவார்.

இன்னொண்டு. மிஸி "ஆள் சரியில்ல" எண்டு மட்டும் சொல்லுவா, இலக்கம் ஒண்டும் பெரிசாப் பிழைச்சிருக்காது. அதுக்காக "பிரஷர் நல்லாத்தானே இருக்கு" எண்டு சொல்லிடாதீங்க. அந்த ஆளை அவ பின்னேரம் தொட்டுப் பாத்திருக்கா. சாப்பாட்டைத் தள்ளி வச்சதைப் பாத்திருக்கா, வேர்த்துக் கட்டிலுடுப்பு நனைஞ்சதைப் பாத்திருக்கா. அதெல்லாம் சார்ட்டில ஏறாது. துணைக்கு நிக்கிற ஆக்களும் அப்பிடித்தான். "எங்கட வாப்பா இப்பிடிப் பேசுற ஆளில்ல" எண்டு ஒரு மகள் சொன்னா அதை ஒரு ரிப்போர்ட்டா எடுங்க.

வாவிக்கரை
(ரெஜிஸ்ட்ரார்)

இரத்த ஓட்டம் பற்றி எழுதுகிறேன். இங்கேதான் இளையவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதிலும் டெங்குவில்.

மாரி மழை முடிகிற காலத்தில் இப்படி ஒரு இளைஞன் வருவான். காய்ச்சல் விட்டு ஒரு நாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து செவ்விளநீர் குடித்துக்கொண்டிருப்பான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வான். பிரஷர் 100/85. "100 இருக்கிறதே" என்று கடந்து போவது எளிது. அவன் கையைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் குளிர்ந்திருக்கும், குளிர் மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருக்கும். நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் எடுக்கும். மேல் கீழ் இலக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம் வெறும் 15. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் டெங்குவில் அது ஷொக்தான் (உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் நிலை). குழாய்கள் இறுகி நின்று பிரஷரைத் தாங்கிப் பிடிக்கின்றன, அதனால்தான் கீழ் இலக்கம் ஏறுகிறது. இளம் உடம்பு கடைசி வரை தாங்கும், பிறகு ஒரேயடியாக விழும். 100/85க்கும் பல்ஸே பிடிபடாத நிலைக்கும் நடுவில் அதிக நேரம் கிடைக்காது.

சேலைன் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து. பொதுவாக ஷொக்கில் உள்ள ஒருவருக்கு 500 மி.லீ. சேலைனைப் பதினைந்து நிமிடத்துக்குள் விட்டு, மறுபடியும் கையைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். இதய நோயாளிக்கு 250. ஆனால் டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது 24 முதல் 48 மணி நேரம்தான். அந்த நேரத்துக்குரிய முழு அளவு 50 கிலோ கணக்கில் 4,600 மி.லீ., பெரியவர் எவ்வளவு பருமனாக இருந்தாலும் கணக்கு 50 கிலோவோடு நிற்கிறது. முதல் இரவிலேயே பாதிக்கு மேல் ஊற்றிவிட்டால் அது நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய் நிற்கும். கசிவு முடிந்து நீர் திரும்பி வரும்போது நுரையீரல் நிறையும். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே போனது, சிறுநீராக வெளியே வந்தது, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்), மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லீ. சிறுநீர் வந்தால் போதும், அதற்கு மேல் வரவழைக்க முயல வேண்டாம். ஷொக்கில் இருப்பவருக்கு பி.சி.வி. ஏறாமல் விழுந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது. அவருக்குத் தேவை இரத்தம், இன்னொரு சேலைன் போத்தல் அல்ல.

வயலில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சிறுநீரகமும் இதயத் தசையும் சேர்ந்தே அடிபட்டிருக்கலாம். நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கினால் முதல் அடையாளம் இருமலில் இரத்தமாக இருக்க வேண்டியதில்லை. மூச்சு எண்ணிக்கை ஏறுவதுதான் பெரும்பாலும் முன்னால் வரும். ஒவ்வொரு போத்தலுக்குப் பிறகும் நுரையீரலின் அடிப்பாகத்தைக் கேளுங்கள்.

சீனி வருத்தமுள்ள விவசாயி காய்ச்சலோடு ஷொக்கில் வந்தால் மெலியோய்டோசிஸ் என்ற சொல் மனதில் வர வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி அது. வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்ஸோன் அதற்குப் போதாது, செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும். பிளட் கல்ச்சர் (கிருமியைத் தேடும் இரத்தப் பரிசோதனை) எடுத்துவிட்டு, ஷொக்கில் உள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும். பார்மசியில் இல்லையென்றால் அதே இரவில் மேலே சொல்லுங்கள், காலை ரவுண்ட் வரை வைத்திருக்காதீர்கள்.

கல்லடிக்காத்து

நன்றி டொக்டர், கை தொட்டுப் பாக்கிற விஷயத்தை இப்பிடி ஒருத்தரும் சொல்லித்தரல்ல. ரெண்டு கேள்வி. ஒண்டு, சேருக்குக் கோல் எடுத்தா என்ன சொல்லித் தொடங்குறது? மற்றது, இரவில தடுமாறிக் கட்டிலை விட்டு இறங்கப் பாக்கிற வயசான ஆக்களை என்ன செய்யுறது? கிளினிக்கலில நான் கண்ட இடத்தில நித்திரைக்கு ஊசி போட்டாங்க.

மருதமுனையான்

கோல் விஷயத்துக்கு நான் வாறன். சேர் நித்திரையில இருந்து எழும்புறார், முதல் வசனத்தில அவருக்கு நிலைமை தெரிய வேணும். வரலாற்றில இருந்து தொடங்கினா மூண்டாவது நிமிஷத்திலதான் ஷொக் எண்ட சொல் வரும். இப்பிடிச் சொல்லிப் பாருங்க:

"சேர், மெடிக்கல் வோர்ட் ஹவுஸ் ஒபிசர் கதைக்கிறன். 17ஆம் கட்டில், 54 வயசு ஆள், ஷொக்கில இருக்கார். ஐ.சி.யு. தேவைப்படும் எண்டு நினைக்கிறன். சீனி வருத்தம், காய்ச்சலெண்டு நேத்து அட்மிட் ஆனவர். இப்ப மூச்சு 32, மாஸ்கில 15 லீட்டரோட ஒக்சிஜன் 91, பல்ஸ் 128, பிரஷர் 80/50, சீனி 240, ஆள் தடுமாறுறார். ரெண்டு லைன் போட்டு ஒரு லீட்டர் சேலைன் விட்டும் பிரஷர் ஏறல்ல. கல்ச்சர் எடுத்து அன்டிபயோட்டிக் போட்டாச்சு. நீங்க வந்து பாக்கணும் சேர். அதுக்குள்ள நான் வேற என்ன தொடங்கட்டும்?"

"வந்து பாக்கணும்" எண்டதை வாய் விட்டுச் சொல்லுங்க. "சும்மா தெரியப்படுத்துறன் சேர்" எண்டு சொன்னா அவர் தெரிஞ்சுகொண்டு படுத்திடுவார், அதுக்கு அவரைக் குறை சொல்ல ஏலாது. வச்ச உடன நேரத்தையும் சொன்னதையும் டிக்கெட்டில எழுதுங்க. அரை மணித்தியாலத்தில ஆள் மாறல்லையெண்டா திரும்ப எடுங்க.

எப்ப எடுக்கிறது எண்டா, இங்கிலாந்தில ரோயல் கொலிஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் 2012இல கொண்டு வந்து 2017இல திருத்தின நியூஸ் (நேஷனல் ஏர்லி வோர்னிங் ஸ்கோர்) எண்ட புள்ளி முறை இருக்கு. மூச்சு, ஒக்சிஜன், பிரஷர், பல்ஸ், உணர்வு, காய்ச்சல் ஒவ்வொண்டுக்கும் புள்ளி, ஒக்சிஜன் போட்டிருந்தா அதுக்கும் ரெண்டு. மொத்தம் 5 வந்தா அவசரமாப் பாக்கணும், 7 வந்தா எமர்ஜென்சி. ஒரே ஒரு அளவு மட்டும் 3 புள்ளி போட்டாலும் டொக்டர் போய்ப் பாக்கணும். உங்கட வோர்ட்டில அந்தத் தாள் இல்லாட்டியும் இலக்கங்களை மனசில வைங்க. நான் மேல சொன்ன 17ஆம் கட்டில் ஆளுக்கு எத்தனை வருதெண்டு கூட்டிப் பாருங்க, பயம் எல்லாம் போயிடும்.

தாளங்குடா
(சர்ஜிக்கல் வோர்ட்)

எல்லாரும் மெடிசினே கதைக்கிறீங்க. சர்ஜரிக்கு வரக்குள்ள இதை மனசில வைங்க தங்கச்சி: ஒப்பரேஷன் செய்து வந்த ஆளுக்கு பல்ஸ் 80இல இருந்து 118க்கு ஏறியிருந்தா, பிரஷர் என்னவா இருந்தாலும் ரத்தம் போகுது எண்டு எடுத்துத் தேடுங்க. நோவுக்குத்தான் பல்ஸ் கூடியிருக்கு எண்டு பெத்தடின் (நோவுக்குப் போடுற ஊசி) போட்டு நித்திரையாக்கினா அடையாளமே இல்லாமப் போயிடும். டிரெயினில (உள்ள தேங்கிறது வெளிய வர வச்ச குழாயில) ஒண்டும் வரல்லையெண்டா சந்தோஷப்படாதீங்க, குழாய் கட்டிபட்டு அடைச்சிருக்கும். துணியைத் தூக்கிப் பாருங்க, முதுகுப் பக்கமும் கையை விட்டுப் பாருங்க. பெட்ஷீட்டுக்குக் கீழ ரத்தம் தேங்கி இருக்கும், மேல நிண்டு பாத்தாத் தெரியாது.

ரத்தம் போற ஆளுக்குப் பச்சை கனியூலா (நரம்பில வைக்கிற குழாய்), ஏலுமெண்டா அதைவிடப் பெரிய சாம்பல், ரெண்டு கையிலயும். குரொஸ்மச் (ஏத்துற ரத்தம் பொருந்துமா எண்டு பாக்கிற சோதனை) ரத்தத்தை அந்த ஊசியிலயே எடுத்துடுங்க.

இரவுக்கடமை

வயசான ஆக்களின்ட தடுமாற்றத்துக்கு நான் சொல்லுறன், டொக்டர்மார் பிழையெண்டாத் திருத்துங்க.

பகல் ஒழுங்காக் கதைச்ச ஆள் இரவில மாஸ்கைக் கழட்டி எறிஞ்சு, சேலைன் லைனைப் பிடுங்கி, "வீட்ட போகப் போறன்" எண்டு நிண்டா, ஊசிக்கு முதல் நாலு விஷயம் பாருங்க. ஒக்சிஜன் எவ்வளவு, சீனி எவ்வளவு, மூத்திரம் அடைச்சு அடிவயிறு கல்லு மாதிரி இருக்கா, காய்ச்சல் இருக்கா. ஒக்சிஜன் குறைஞ்ச ஆள் மாஸ்கைக் கழட்டத்தான் பாப்பார், மூச்சு முட்டுற உணர்வில முகத்தில இருக்கிறதுதான் அவருக்கு இடைஞ்சல். அவருக்கு மிடசோலம் (நித்திரை ஊசி) போட்டா அமைதியாவார், மூச்சும் சேந்து அமைதியாகும்.

வாவிக்கரை

திருத்த ஒன்றுமில்லை மிஸி, அப்படியே. சீனியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 70க்குக் கீழே இருந்து ஆள் தடுமாறினாலோ மயங்கினாலோ 50% டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லீ. பெரிய நரம்பில் மெதுவாகப் போடுங்கள், இல்லையெனில் 10% டெக்ஸ்ட்ரோஸ் 150 முதல் 200 மி.லீ. பத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர் விழித்ததும் கதை முடியவில்லை. மருந்து உடம்பில் நிற்கும் வரை, அதிலும் சிறுநீரகம் பழுதானவருக்கு, சீனி மறுபடி மறுபடி விழும். டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்போடு குறைந்தது ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். விழித்தவுடன் வீட்டுக்கு அனுப்பிய ஆள் அடுத்த விடியலில் திரும்பி வரும்போது பேச்சில்லாமல் வரலாம்.

அறுகங்குடா
(ஈ.டி.யு. – அவசர சிகிச்சைப் பிரிவு, கரையோர ஆதார வைத்தியசாலை ஒன்று)

நாங்க வயலுக்கும் காட்டுக்கும் கிட்ட இருக்கிற ஆக்கள், அதால பாம்பைப் பத்திச் சொல்லாமப் போக மனசு வரல்ல.

விடியச்சாமம் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வருவாங்க. நிலத்தில பாய் போட்டுப் படுத்தவர், வயித்துநோவோட எழும்பினவர், கடி அடையாளம் ஒண்டும் இல்ல. கண்ணிமை ரெண்டும் பாதி விழுந்திருக்கும். கட்டுவிரியன் எண்டு அந்த இடத்திலயே நினையுங்க. கழுத்தைத் தலையணையில இருந்து தூக்கச் சொல்லுங்க, ஒரே மூச்சில எத்தனை வரைக்கும் எண்ணுறார் எண்டு கேளுங்க, அரை மணிக்கொருக்கா அதையே திருப்பிச் செய்து எழுதுங்க. எண்ணிக்கை குறையக் குறைய மூச்சுத் தசை போய்க்கொண்டிருக்கு எண்டு அர்த்தம். ஒக்சிஜன் இலக்கம் விழுறது கடைசியாத்தான், அது விழும் வரைக்கும் காத்திராம மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போடுங்க.

இதை எல்லா இன்டர்ன்மாரும் மனசில வைக்கணும்: கட்டுவிரியன் கடிச்ச ஆள் அசையாம, கண் திறக்காம, பாவை விரிஞ்சு லைட்டுக்கும் சுருங்காமக் கிடப்பார். மூளை செத்ததெண்டு நினைக்கத் தோணும். நஞ்சு கண்ணின்ட தசையையும் முடக்கும், மூளைக்கு ஒண்டும் நடந்திருக்காது. அவருக்கு நீங்க கதைக்கிறதெல்லாம் கேக்கும். கையை விடாம அம்பு பேக்கை (கையால அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பையை) அமுக்கிக்கொண்டிருந்தா நாட்கணக்கில வென்டிலேட்டரில இருந்து நடந்து வீட்ட போவார். கட்டிலடியில நிண்டு "ஏலாது போல" எண்டு கதைக்காதீங்க, ஊசி போடக்குள்ளயும் "ஐயா, இப்ப குத்தப் போறன்" எண்டு சொல்லுங்க.

அன்டிவெனம் போடுறதுக்கு முதல் 0.25 மி.கி. அட்ரினலின் தோலுக்குக் கீழ போடுங்க, எங்கட நாட்டிலயே ஆராய்ச்சி செய்து 2011இல வெளியான முடிவு அது. அப்பிடிப் போட்டும் தோல் தடிச்சு, மூச்சு இழுத்து, பிரஷர் விழலாம். விழுந்தா டிரிப்பை நிப்பாட்டி 0.5 மி.கி. அட்ரினலின் தொடையில, தசைக்குள்ள. ஐந்து நிமிஷத்தில சரிவரல்லையெண்டா திரும்ப. பிரிட்டோனும் (அலர்ஜிக்குப் போடுற குளோர்பெனிரமின்) ஹைட்ரோகோர்ட்டிசோனும் பிறகு தேடுங்க, அவை உயிரைக் காக்கிற மருந்தில்ல. சீரானதும் அன்டிவெனத்தை மெதுவாத் திரும்பத் தொடங்கணும், நஞ்சு உடம்பிலதானே இருக்கு.

புதுஹவுஸ்மேன்

சேர், எனக்கொரு சந்தேகம். தூர இடத்தில இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்குள்ள, நிலைமையைச் சீராக்கிட்டு அனுப்புறதா, கெதியா ஏத்திவிடுறதா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்லுறாங்க.

தாளங்குடா

உள்ள ரத்தம் போற ஆளுக்குச் சீராக்குற இடம் தியேட்டர்தான் தம்பி. லைன் போட்டு, ரத்தம் இருந்தாத் தொங்கவிட்டு, உடன ஏத்துங்க. ஈ.டி.யு.ல பிரஷரை 120க்குக் கொண்டு வரப் பாத்துக்கொண்டு நிக்கிற நேரம் அவருக்குக் கிடையாது.

அறுகங்குடா

ரத்தப்போக்குக்கு அது சரி. மற்ற ஆக்களுக்கு நான் மாறித்தான் சொல்லுவன். மூச்சுப்பாதையும் மூச்சும் உறுதியில்லாம அம்புலன்ஸ் கதவைப் பூட்டக் கூடாது. ஓடுற வண்டிக்குள்ள, அரை வெளிச்சத்தில, டியூப் போடுறது அனஸ்தீசியா டொக்டருக்கே கஷ்டம். வழியில தேவைப்படும் எண்டு தோணினா இங்கயே போடுங்க, அதுக்கு ஆள் வர அரை மணித்தியாலம் போனாலும் சரி. வலிப்பு வந்த ஆளுக்கு வலிப்பு நிண்டிருக்கணும், சீனி பாத்திருக்கணும், ஷொக்குக்கு ரெண்டு லைன் ஓடணும், போற இடத்து டொக்டரோட நீங்களே கதைச்சுப் பேரை எழுதியிருக்கணும்.

மறுகா ஒக்சிஜன் கணக்கு. இதை ஒருத்தரும் படிப்பிக்கிறதில்ல. பொத்துவில்லில இருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல, ரெண்டு மணித்தியாலம் வையுங்க. நிமிஷத்துக்கு 15 லீட்டர் எண்டா 120 நிமிஷத்துக்கு 1,800 லீட்டர். கையில தூக்குற 680 லீட்டர் சிலிண்டர் நிறைஞ்சிருந்தாலும் 45 நிமிஷம்தான், அக்கரைப்பற்றைத் தாண்டக்குள்ள முடிஞ்சிடும். அப்பிடி மூண்டு சிலிண்டர் வேணும், தாமதத்துக்கு இன்னொண்டு. வண்டியில பெரிய சிலிண்டர் பூட்டியிருந்தா கேஜை நீங்களே திறந்து பாருங்க, டிரைவர் சொல்லுறதை மட்டும் கேட்டுட்டு ஏறாதீங்க. சிலிண்டர் மாத்துற சாவி, வேலை செய்யிற சக்ஷன், அம்பு பேக், மாஸ்க், ரெண்டு சிரிஞ்சில இழுத்து லேபல் ஒட்டின அட்ரினலின், இவ்வளவும் நோயாளியின்ட தலைப்பக்கம் உங்கட கைக்கு எட்டுற இடத்தில இருக்கணும். காலடியில வச்சா வளைவில எழும்பி எடுக்க ஏலாது.